டிஎன்ஏஸ் அகார்: எந்த வகை, எவ்வளவு?

கேள்வி: எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு டிஎன்ஏஸ் அகார் (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவிடம் உண்டா என்று பார்க்கும் வளர்ப்பு ஊடகம்) வாங்க வேண்டும். சாதாரண வகை, மீத்தைல் கிரீன் சாயம் கலந்தது, டொலுயிடின் புளூ சாயம் கலந்தது என்று மூன்றுக்கும் விலைப்புள்ளி வந்திருக்கிறது. 500 கிராம் பாட்டில்தான் மலிவு என்கிறார் விற்பனையாளர். போன வருடம் வாங்கிய சாதாரணப் பொடியில் அமிலம் ஊற்றியும் கல்ச்சரை (தட்டில் வளர்த்த பாக்டீரியாவை) சுற்றித் தெளிவான வளையம் வரவில்லை. பொடி போலியா?
– ஆய்வக உதவியாளர், விருதுநகர்

பதில்: போலி என்று சொல்லும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அமிலம் ஊற்றியதும் தட்டு முழுக்க வெள்ளையாக மங்கியதா? அகாரில் உள்ள முழு டிஎன்ஏ அமிலத்தில் படிவதால்தான் அந்த மங்கல். பாக்டீரியாவின் நொதி டிஎன்ஏவைத் துண்டாக்கிய இடம் மட்டும் தெளிவாக நிற்கும். தட்டு மங்கவே இல்லையென்றால் அமிலத்தின் வலிமையைச் சந்தேகியுங்கள். தேவை 1 நார்மல் (செறிவின் அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடர் அமிலம் சுமார் 8.5 மி.லி.யைத் தண்ணீரில் ஊற்றி (அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது) 100 மி.லி. ஆக்குங்கள். புது அமிலத்திலும் மங்காவிட்டால் பொடியில்தான் கோளாறு. லாட் எண்ணோடு (தயாரிப்புத் தொகுதி எண்) விற்பனையாளருக்கு எழுதி மாற்றித் தரக் கேளுங்கள். தட்டு மங்கி, வளையம் மட்டும் வரவில்லையென்றால், பொடி பெரும்பாலும் நல்லதுதான். கல்ச்சரையும் இன்குபேஷனையும் (தட்டை வெப்பத்தில் வைத்து வளர்ப்பது) சரிபாருங்கள்: 35 முதல் 37 டிகிரியில் 18–24 மணி நேரம் வேண்டும். மிச்ச அமிலத்தை வடித்துவிட்டு, சில நிமிடங்களுக்குள் கறுப்புப் பின்னணியில் வைத்துப் பாருங்கள்.

வகையைப் பொறுத்தவரை, உங்கள் மாணவர்களுக்கு நான் சொல்வது மீத்தைல் கிரீன். அமிலம் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அந்தத் தட்டிலிருந்து மறுபடி கல்ச்சர் எடுக்க முடியாது. மீத்தைல் கிரீன் முழு டிஎன்ஏவோடு ஒட்டிப் பச்சையாக நிற்கும், டிஎன்ஏ சிதைந்த இடத்தில் நிறம் போய்விடும். அமிலமே வேண்டாம், கல்ச்சரும் உயிரோடு இருக்கும். டொலுயிடின் புளூவில் வளையம் இளஞ்சிவப்பாக அழகாகத் தெரியும். ஆனால் அந்தச் சாயம் சில கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயச் சோதனையில் ஊதாவாகத் தெரியும்) பாக்டீரியாக்களை வளரவிடாது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவான செராஷியாவுக்கு அது பொருந்தும். கிராம் பாசிட்டிவான ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு என்று நான் வாங்க மாட்டேன்.

500 கிராம் வேண்டாம். இந்தப் பொடி பொதுவாக லிட்டருக்கு 42 கிராம். 100 கிராமில் 2.3 லிட்டருக்கு மேல் வரும். தட்டுக்கு 20 மி.லி. என்றால் 115 தட்டுகள். ஒரு வகுப்புக்கு ஒரு வருடத்துக்கு அது தாராளம். திறந்த பாட்டில் நம் ஊர் ஈரக்காற்றில் கட்டிபிடித்துவிடும். கட்டிபிடித்த பொடியை எடை போட்டுக் கரைப்பதில் அர்த்தமில்லை. மலிவாக வாங்கிப் பாதியைக் கொட்டுவது எப்படி மலிவாகும்?

மிச்சமாகும் பணத்தில் தரக் கல்ச்சர்கள் (முடிவு முன்பே தெரிந்த, ஒப்பிட்டுப் பார்க்கும் பாக்டீரியாக்கள்) வாங்குங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி (அமெரிக்கக் கல்ச்சர் வங்கி) 25923 வளையம் தரும், ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் ஏடிசிசி 12228 தராது. சண்டிகரில் உள்ள எம்டிசிசி கல்ச்சர் வங்கியிலும் இவற்றுக்கு இணையான கல்ச்சர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டையும் கூடவே போடாமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள். வளையம் வந்ததாலேயே ஆரியஸ் என்றும் எழுதிவிடக் கூடாது, வேறு சில ஸ்டெஃபைலோகாக்கஸ் இனங்களும் வளையம் தரும். பாக்டீரியா இரத்த பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் கோயாகுலேஸ் சோதனையும் செய்யுங்கள்.

ஆர்டரிலேயே லாட் எண்ணுக்கான பகுப்பாய்வுச் சான்றும், காலாவதிக்குக் குறைந்தது இரண்டு வருடம் பாக்கியுள்ள பாட்டிலும் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ஆர்டர் போன பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.