வாசகர் கேள்வி–பதில்: தளத்தின் முகப்புக்குப் பின்னே

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்பனைக்காக இணையதளம் அமைக்க விரும்புகிறோம். அணுகியவர், முழுவதும் தாமே எழுதிய மென்பொருள் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். அவர் முன்பு செய்த தளங்களைப் பார்த்து, அவை எதில் இயங்குகின்றன என்று நாங்களே அறிய இயலுமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: பெருமளவுக்கு இயலும். கணினியில் அந்தத் தளத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் ‘யூ’ எழுத்தை அழுத்தினால் பக்கத்தின் மூல நிரல் தெரியும். அதிலுள்ள படங்களின் முகவரிகளில் ‘டபிள்யூபி-கன்டென்ட்’ என்ற அடைவுப் பெயர் திரும்பத் திரும்ப வருமானால், 2003 முதல் இலவசமாகக் கிடைத்துவரும், தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்தான் அங்கே இயங்குகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நிரலைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள், குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளில் இணைத்துக்கொள்ளும் வாப்பலைசர் என்ற நீட்சியையோ, தள முகவரியைத் தட்டச்சு செய்தால் விவரம் தரும் பில்ட்வித் தளத்தையோ நாடலாம். இவை கோப்புப் பாதைகள், குக்கீகளின் (தளம் உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்புகள்) பெயர்கள், வழங்கி (தளத்தை வைத்திருக்கும் கணினி) பக்கத்தோடு அனுப்பும் தலைப்பு வரிகள் ஆகியவற்றைத் தம்மிடமுள்ள அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டே விடை சொல்கின்றன; ‘பிஎச்பி-செஸ்-ஐடி’ என்றொரு குக்கீ வந்தால் தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது என்று ஊகிப்பது இவ்வகை. பில்ட்வித், ஒரு மென்பொருளை அந்தத் தளத்தில் எப்போது முதலில் கண்டது என்பதையும் காட்டுவதால், உங்கள் தேவைக்கு அதுவே கூடுதலாக உதவும்.

ஆனால் தெருவில் நின்று செட்டிநாட்டு வீட்டின் முகப்பைப் பார்ப்பவருக்கு இரண்டாங்கட்டு தெரியாது. தளம் உலாவிக்கு அனுப்புவதை மட்டுமே இக்கருவிகள் காண்கின்றன; சரக்கிருப்பும் கணக்கும் எந்த நிரலில் ஓடுகின்றன என்பது அவற்றுக்கு எட்டாது. தளத்துக்கும் உலாவிக்கும் நடுவே நிற்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச்சேவை முன்னே இருந்தால், உண்மையான வழங்கியின் பெயருக்குப் பதில் அதன் பெயரே தெரியும். அடையாள வரிகளை நீக்கிவிடவும் முடியும் என்பதால், கருவி ஒன்றும் சொல்லாததை வைத்து, அவரே எழுதியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

வேர்ட்பிரஸ் என்று தெரிந்தால் அவரை விலக்க வேண்டியதில்லை. வடிவமைப்புக்கும் பராமரிப்புக்கும் நியாயமான கூலி உண்டு, நாளை வேறொருவரிடம் பணியை ஒப்படைப்பதும் எளிது. தாமே எழுதியதாகச் சொல்லிக் கேட்ட தொகையை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். என் கணிப்பில், உங்களைப் போன்ற கடைக்கு முழுவதும் புதிதாக எழுதிய மென்பொருள் தேவையே இல்லை.

கேள்வி: அடுத்தவர் தளத்தை இப்படி ஆராய்வது தவறாகாதா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: உலாவிக்கு வந்த பக்கத்தைப் படிப்பதில் தவறில்லை. வாட்வெப் என்ற கருவியைத் தீவிர நிலையில் இயக்கினால், அது வழங்கிக்குக் கூடுதல் கோரிக்கைகளை அனுப்பித் துருவும். அதைத் தள உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்ய வேண்டாம்.