மலைக் குளிரில் டிகாக்‌ஷன் இறங்காதவருக்கு

கொடைக்கானலில் டென்ட் போட்டுத் தங்கியபோது டிகாக்‌ஷன் இறங்கவே நேரமாகி, இறங்கியதும் வெளிறிப்போய் இருந்தது, பால் பவுடரும் கட்டிதட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர்மேல் பழி போடாதீர்கள், 2,000 மீட்டர் உயரத்தில் அது 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், காபிக்கு அந்தச் சூடு தாராளம். சூட்டை உறிஞ்சுவது சில்லென்று கிடக்கும் எவர்சில்வர் ஃபில்டர்தான். முதலில் அதில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். பொடியை மட்டமாகப் பரப்பினால் போதும், சிக்கரி கலந்த பொடியை அழுத்தினால் களிமண் மாதிரி இறுகி ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். கொதிநீரைக் கொஞ்சமாக விட்டு, பொடி ஊறி நுரைத்ததும் மீதியை ஊற்றி, மூடித் துண்டில் சுற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் கெட்டி டிகாக்‌ஷன் தயாராக இருக்கும். அதைக் கொதிக்க வைக்கவே கூடாது, கசந்துவிடும்.

பால் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து, அப்புறம் மீதித் தண்ணீர் சேர்த்துச் சூடாக்குங்கள்.

இன்னொன்று, சின்ன கேஸ் சிலிண்டரை ராத்திரி குளிரில் வெளியே விடாதீர்கள், அதிலிருக்கும் பியூட்டேன் சரியாக ஆவியாகாமல் தீ சுருங்கிவிடும். ஆனால் டென்ட்டுக்குள் மட்டும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.