தெரிந்தாலும் சொல்லக் கூடாத வேலை

தங்கைக்கு வணக்கம். "நான்கு ஆண்டு நர்சிங் படித்துவிட்டுக் கணவருடன் கலிஃபோர்னியா வந்திருக்கிறேன், கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகலாமா, அதுவும் நர்ஸ் வேலைதானே" என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை, இரண்டும் வேறு. சீருடை ஒன்றுபோல் இருப்பதால் நோயாளிகளே குழம்புகிறார்கள். நர்ஸுக்கு என்கிளெக்ஸ் என்ற தகுதித் தேர்வும் மாநில உரிமமும் வேண்டும். மெடிக்கல் அசிஸ்டென்ட்டுக்கு இங்கே உரிமம் கிடையாது. பயிற்சி பெற்று, மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம். ஊசி போடலாம், ஈசிஜி எடுக்கலாம். சலைன் ஏற்ற நரம்பில் ஊசி குத்தக் கூடாது. தொலைபேசியில் நோயை எடைபோட்டு ஆலோசனை சொல்லவே கூடாது.

உங்களைப் போல் படித்து வந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் கடினம். நானும் ஊரில் நர்ஸாக இருந்தவள். சேர்ந்த புதிதில் ஒருவர் போன் செய்து, ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை தொடங்கியதிலிருந்து கால் வீங்குகிறது என்றார். அம்லோடிபின் என்ற மாத்திரை. அது வீக்கம் தரும் என்று எனக்குத் தெரியும். "மாத்திரையால்தான், பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். மாலையில் மருத்துவர் கூப்பிட்டு, "இதயம் பலவீனமானாலும் இதே வீக்கம்தானே வரும்? மூச்சு வாங்குகிறதா என்று கேட்டீர்களா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. நல்லவேளை, அந்த நோயாளிக்கு மாத்திரையின் விளைவுதான். அன்றிலிருந்து நோயாளி சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி, உடனே மருத்துவரிடம் சேர்க்கிறேன்.

அதற்காக இதை எடுபிடி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம் ஒரு மூதாட்டிக்கு ரத்த அழுத்தம் மேல் அளவு 168 காட்டியது. கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்து வந்த மூச்சு அடங்கவில்லை. கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்து, பேரனின் கல்யாணத்தைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, பாதம் தரையில் படிய, கையை நெஞ்சளவில் தாங்கி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். பிறகு பார்த்தால் 136. இரண்டையும் எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். முதல் அளவு மட்டும் போயிருந்தால் மாத்திரையைக் கூட்டியிருக்கவும் கூடும்.

ஆகவே தயங்காமல் சேருங்கள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்திருந்தால் வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை பொறுங்கள். கூடவே, உங்கள் நர்சிங் கல்லூரியிலிருந்து மதிப்பெண் ஆவணங்களை வரவழைக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும். என்கிளெக்ஸ் எழுத அதுதான் முதல் படி.