டிசம்பரில் பின்லாந்து: எதை எடுத்துப் போவது?

கேள்வி: டிசம்பர் 20 முதல் பத்து நாள் நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் பின்லாந்து போகிறோம். ஹெல்சிங்கியிலும் ரோவனியெமியிலும் தங்குவோம். விசா வந்துவிட்டது. குளிருக்கு என்ன வாங்குவது? நாங்கள் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டோம். வேறு எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள். நீங்கள் போகும் நாட்களில் ஹெல்சிங்கியில் சூரியன் காலை 9.20 வாக்கில்தான் எழும், பிற்பகல் 3.15 வாக்கில் மறைந்துவிடும். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவனியெமியில் 11 மணிக்கு மேல் தலைகாட்டி, 1.30 வாக்கில் இறங்கிவிடும். அதனால் வெளியே செய்ய வேண்டியதையெல்லாம் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் நடக்கும்போது ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் அணிந்துகொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கோட்டின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டால்தான் கார் வெளிச்சம் அதில் படும்.

இனி உடை. ரோவனியெமியில் மைனஸ் 10 முதல் 15 டிகிரி சாதாரணம், மைனஸ் 30-க்கும் போகலாம். உடம்பை ஒட்டி காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம். அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரம்தான் உடம்புச் சூட்டை உறிஞ்சும். முதல் அடுக்கு மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்று புகாத கோட், பேன்ட். ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் விரலை அசைக்க முடிய வேண்டும்; இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துப்போகும். கைக்கு, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிட்டன்தான் சூடு.

பலர் தவறு செய்வது கடைக்குள்தான். உள்ளே 20 டிகிரிக்கு மேல் இருக்கும். வேடிக்கை பார்த்துக்கொண்டே கோட்டோடு கால் மணி நேரம் நின்றால் குழந்தைக்கு முதுகு நனைந்துவிடும். அப்படியே வெளியே வந்தால் பத்தே நிமிடத்தில் நடுக்கம். உள்ளே நுழைந்ததுமே ஜிப்பைத் திறந்து, குல்லாவைக் கழற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு நாலு பின்னிஷ் வார்த்தை உதவும்: காஸ்விஸ் என்றால் காய்கறி, லிஹா இறைச்சி, கனா கோழி, கலா மீன். ரை என்ற தானியத்தின் மாவுத் தோலில் அரிசிக் கஞ்சி வைத்துச் சுடும் கர்யாலன்பீராக்கா எங்கும் கிடைக்கும்; அதன்மேல் முட்டை கலந்த வெண்ணெய் தடவித் தருவது வழக்கம் என்பதால் அதை வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். பல கடைகளில் பழத்தை நீங்களேதான் எடை போட வேண்டும். விலைப் பலகையில் உள்ள எண்ணைத் தராசில் அழுத்தினால் ஸ்டிக்கர் வரும், அதைப் பையில் ஒட்டுங்கள். ஒட்டாமல் போனால் கவுன்ட்டரிலிருந்து திரும்ப நடக்க வேண்டியதுதான். குளிர்ந்த குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் அரை லிட்டர் பிளாஸ்டிக்குக்கு 20 சென்ட் டெபாசிட் சேரும். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

அநேகமாக எல்லா இடத்திலும் கார்டு செல்லும். நம் இரண்டு முள் சார்ஜர் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. அவசரத்துக்கு 112.

டிசம்பர் 24 உங்கள் பயணத்துக்குள் வருகிறது. அன்று நண்பகல் 12 மணிக்குத் துர்க்கு நகரில் கிறிஸ்துமஸ் அமைதியை அறிவிப்பார்கள். அதன் பிறகு பெரும்பாலான கடைகள் மூடிக்கிடக்கும், பஸ்களும் குறையும். 23-ஆம் தேதியே ரொட்டி, பால், பழம் வாங்கி வைத்துவிடுங்கள்.

ரோவனியெமி மையத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் சாண்டா கிராமத்துக்கு 8-ஆம் எண் டவுன் பஸ் போகிறது. சாண்டாவைப் பார்க்கக் கட்டணமில்லை, படத்துக்குத்தான் காசு. இரவு வானில் வண்ணமாகத் தெரியும் வடதுருவ ஒளியைப் பார்க்க வானம் தெளிந்திருக்க வேண்டும், டிசம்பரிலோ மேகம் அதிகம். ஒரே இரவை நம்பாமல் ரோவனியெமியில் மூன்று நான்கு இரவாவது தங்குங்கள். ஃபோனை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் பேட்டரி பாதி இருக்கும்போதே ஃபோன் அணைந்துவிடலாம்.