'பிடிக்கலப்பா'

அன்புள்ள மேடம்,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஏழாவது வரை பள்ளி கோ-கோ அணியில் இருந்தவள். இப்போது பி.டி. பீரியடில்கூட வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாளாம். கேட்டால் "பிடிக்கலப்பா" என்கிறாள். தம்பியோ இருட்டிய பிறகும் வீடு திரும்புவதில்லை. வயதுக்கு வந்தபின் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வம் குறைவது இயற்கைதானா?

க., நாமக்கல்

அன்புள்ள க.,

இயற்கை என்று நான் நினைக்கவில்லை. நானும் ஒன்பதாவதில்தான் கோ-கோவை விட்டேன். வீட்டில் நான் சொன்னதும் இதே வார்த்தைதான்.

கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருக்க வேண்டும். முதுகில் தட்டி 'கோ' என்றதும் துள்ளி எழ வேண்டும். மாதவிடாய் நாளில் அப்படிக் குந்துவதே பயம். எழும்போது பாவாடையில் கறை தெரியுமோ? தாவணியைத் தோளில் ஊக்கு குத்தியிருப்போம்; கை வீசி ஓடினால் பிய்த்துக்கொண்டு வரும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஒரே சொல்லில் முடித்துக்கொண்டேன். மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் கால் துறுதுறுத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயது வரை தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது கணக்கு. அந்த அளவு ஓடியாடாதவர்கள் பையன்களில் 100-க்கு 78, பெண் பிள்ளைகளில் 85. (பையன்களையும் பெரிதாக மெச்ச முடியாது.) ஆனால் இந்த இடைவெளி எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் 15 புள்ளிகளுக்கு மேல்; இந்தியாவில் பையன்கள் 72, பெண் பிள்ளைகள் 76, நாலே புள்ளி. இயற்கை என்றால் நாட்டுக்கு நாடு இப்படி மாறுமா?

நம் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. இந்தியப் பெண் பிள்ளைகள் மற்ற நாட்டுப் பெண் பிள்ளைகளைவிடச் சற்று மேலாக இருப்பதற்கு வீட்டு வேலையும் காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருந்தார்கள். படித்தபோது மனம் கனத்துப்போனது. குடம் தூக்கினாலும் மூச்சு வாங்கும், சரி. எதிரணியை ஏமாற்றித் தப்பி ஓடும்போது வருகிற சிரிப்பு அதில் வருமா?

நீங்கள் கேட்டால் மறுபடியும் "பிடிக்கலப்பா"தான் வரும். அவள் அம்மாவோ அத்தையோ தனியாகக் கேட்கட்டும். கறுப்பு ட்ராக் பேண்ட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கு ஒரு நடை போய், பி.டி. பீரியடில் மைதானம் யார் கையில் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று விசாரியுங்கள். அப்புறம், சாயங்காலம் தம்பி விளையாடக் கிளம்பும் நேரத்தில் அவள் என்ன வேலையில் இருக்கிறாள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பாத்திரம் தேய்க்கிறாள் என்றால், பாதியை அவன் தேய்த்துவிட்டுப் போகட்டும்.