சிறு எஞ்சினுக்கு ஆர்.பி.எம். மீற்றர் பொருத்துதல்: கேள்வி பதில்

கேள்வி (களுதாவளை): ஐயா, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் எனது ஃபோர் ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று வேகத்தில் ஓட வேண்டியது. அந்த வேகத்தை அளக்கப் பூட்டிய ஆர்.பி.எம். மீற்றரோ 6000 என்று காட்டுகிறது. மீற்றர் பழுதா?

பதில்: மீற்றர் பழுதில்லை. அது சுற்றை எண்ணுவதில்லை, ஸ்பார்க் பிளக் வயரில் பாயும் மின்பொறியைத்தான் எண்ணுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். ஆனால் இத்தகைய சிறு எஞ்சின்களில் காந்தம் எஞ்சினோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீலிலேயே பதிக்கப்பட்டிருப்பதால், அது பொறியை உண்டாக்கும் கொயிலைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொறி பிறக்கிறது. ஒன்று பெற்றோலை எரிக்க, அடுத்தது புகை வெளியேறும் நேரத்தில் வீணாகிறது. நீங்கள் ஃபோர் ஸ்ட்ரோக் என்று தெரிவு செய்திருப்பதால், மீற்றர் ஒரு பொறியை இரண்டு சுற்றாகக் கணக்கிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்ற தெரிவுக்கு மாற்றுங்கள், 3000 வரும்.

கேள்வி (காத்தான்குடி): ஜெனரேற்றரில் பூட்டிய மீற்றர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: ஹேர்ட்ஸ், அதாவது மின்சாரம் செக்கனுக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால் போதும். இரு துருவ ஜெனரேற்றரில் 50 ஹேர்ட்ஸ் என்பது 3000 சுற்று, 52 என்பது 3120. ஹேர்ட்ஸை மின்னணுப் பகுதியே தீர்மானிக்கும் இன்வேர்ட்டர் வகைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

கேள்வி (கல்முனை): மீற்றரின் வயரை எங்கே, எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்? எனது மீற்றரில் எண் நிலையாக நிற்பதில்லை.

பதில்: பிளக் வயரின் உறைமீது மூன்று முதல் ஐந்து சுற்று நெருக்கமாகச் சுற்றி, மேலே ரேப் ஒட்டுங்கள். உறையைச் சீவவே வேண்டாம். எண் துள்ளினால் ஒரு சுற்றைக் குறைத்தோ கூட்டியோ பாருங்கள். மீற்றருக்கு ஏர்த் வயர் இருந்தால் அதையும் கவனியுங்கள். கடற்கரையோரத் தோட்டமொன்றில் இதே குறையோடிருந்த எஞ்சினைப் பார்க்கப் போனபோது, ஏர்த் வயர் பெயின்ற் பூசிய போல்ட்டின் கீழே உப்புத் துரு படிந்து கிடந்தது. உலோகம் மின்னும் வரை அரத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் எண் அசையாமல் நின்றது. வயர் சைலன்சர் பக்கம் போகாமல் கட்டி வையுங்கள். அந்தச் சூட்டில் உறை உருகிவிடும்.

கேள்வி (அக்கரைப்பற்று): மீற்றரின் வயரை எஞ்சினை நிறுத்தும் சுவிச்சின் வயரில் நேரடியாகக் கொடுக்கலாமா?

பதில்: அதற்கென்றே செய்யப்பட்ட மீற்றராக இருந்தால் மட்டும் கொடுக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்த வயரில் நூற்றுக்கணக்கான வோல்ற் எழும் என்பதால் சாதாரண மீற்றர் கருகிவிடும். 12 வோல்ற் பற்றரியை அதில் ஒருபோதும் தொடுக்காதீர்கள். கொயிலின் உள்ளிருக்கும் மின்னணுப் பகுதி எரிந்துபோனால் கொயிலையே மாற்ற வேண்டிவரும்.

கேள்வி (சம்மாந்துறை): எங்கள் இரு சக்கர உழவு இயந்திரத்துக்கும் இதே மீற்றர் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அது டீசல் எஞ்சின். பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. ஃபிளைவீலில் ஒளியைத் திருப்பும் சிறு ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டி, கையில் பிடித்து அளக்கும் லேசர் மீற்றரைப் பயன்படுத்துங்கள். ஸ்ரிக்கரை ஒட்டுமுன் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் நன்றாகத் துடையுங்கள்.