மனக்கணக்கு போதுமா?

கேள்வி: மும்பை தாராவியில் இட்லி, வடை செய்து விற்கும் பெண்களுக்காக ஒரு மகளிர் குழு நடத்துகிறேன். வரவு செலவு நோட்டு எழுத வகுப்பு வைத்தேன். இரண்டாவது வாரமே பாதிப் பேர் வரவில்லை. “எங்களுக்கு மனக்கணக்கே போதும்க்கா” என்கிறார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது சார்?

பதில்: நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு பற்றவைத்தவர் மத்தியானம் பேரேடு எழுத உட்காருவாரா? டொமினிகன் குடியரசில் சிறு வியாபாரிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. முறையான கணக்குப் பாடம் கேட்டவர்களிடம் சொல்லும்படியான மாற்றமில்லை. எளிய விதிகளை மட்டும் கற்றவர்கள் கணக்கை ஒழுங்காக வைத்துக்கொண்டார்கள். அவற்றில் முக்கியமானது, கடைக் காசும் வீட்டுக் காசும் கலக்கக் கூடாது என்பது.

ஆளுக்கு இரண்டு டப்பா போதும். விற்ற காசு முழுக்க ஒன்றில். அரிசி, உளுந்து, கேஸ் செலவும் அதிலிருந்தே. வீட்டுக்கென்று தினமும் ஒரே தொகையை எடுத்து அடுத்த டப்பாவில் போடட்டும். மழைக்கால விற்பனை படுத்தால் அந்தத் தொகையும் குறைய வேண்டும். பிள்ளையின் டியூஷனுக்காகக் கடை டப்பாவில் கைவைத்தால், தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதி அதே டப்பாவில் போட்டுவிடட்டும். அது கடன், திருப்பி வைத்தாக வேண்டும்.

ஆனால் மனக்கணக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. “அஞ்சு வட்டிதானே” என்பார்கள். ஐந்து என்பது சின்ன எண், அதனால் மனசு அதைச் சின்ன வட்டியாகவே எடுத்துக்கொள்கிறது. அது மாத வட்டி. வருடத்துக்கு 60 சதவீதம். இதற்குச் சதவீதமெல்லாம் விளக்க வேண்டாம், நூறை வட்டியால் வகுக்கச் சொல்லுங்கள். ஐந்து வட்டிக்கு 20 வரும். அதாவது 20,000 ரூபாய் வாங்கி மாதம் 1,000 வட்டி கட்டினால், 20 மாதத்தில் வட்டியே 20,000 ஆகிவிடும். அசல் அப்படியே நிற்கும். இரண்டு வட்டி என்றால் 50 மாதம்.

‘ஃபிளாட் 12 சதவீதம்’ என்று தவணைக் கடன் தருபவரிடமும் உஷார். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு அசலுக்கே போடுவார்கள். ஒரு வருடத் தவணையில் உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் சீட்டு. “பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்துச்சே” என்பதுதான் பலர் கேட்கும் ஒரே சாட்சி. பணம் போனவர் வெளியே சொல்வதில்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, தெருச் சீட்டுக்குக் கிடையாது. அதனால் முழுதும் போனாலும் கடை ஓடும் என்கிற அளவுக்கு மட்டும் கட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு டப்பா மட்டும் போதும்.